ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும்போது காலேஜ் ஃபுட்பால்: ஆன் ஆர்பரில் ஒரு சனி, ஞாயிறு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கேன்டன், நோவை, டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்கியிருப்பார்கள். கோயில், மால், கோஸ்ட்கோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. "இந்த ஊர்க்காரங்க சனிக்கிழமை ஆனா என்னதான்பா பண்ணுவாங்க?" என்று மாமா ஒருநாள் கேட்பார். மிச்சிகனில் அதற்கு ஒரே பதில்தான்: பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பருக்குப் போய் காலேஜ் ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பார்ப்பார்கள், போக முடியாதவர்கள் வீட்டில் டிவியில் பார்ப்பார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியம் 1927இல் திறந்தது. 1,07,601 பேர் உட்காரலாம், அமெரிக்காவிலேயே பெரியது, எல்லோரும் 'பிக் ஹவுஸ்' என்றுதான் சொல்வார்கள். 1975 நவம்பரிலிருந்து, கொரோனா வந்த 2020ஐ விட்டுவிட்டால், இங்கே நடந்த எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் குறைந்ததில்லை. காலேஜ் பசங்கள் ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று பெரியவர்கள் அசந்துபோவார்கள். விளையாட்டு புரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கூட்டத்தையும் பேண்டையும் பார்க்கவே கூட்டிப்போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வருகிறவர்களில் யார் மூத்தவரோ, யாருக்கு முட்டி வலியோ சர்க்கரையோ இருக்கிறதோ, அவரை வைத்துத்தான் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். எந்த ஆட்டம், எந்த இருக்கை, எங்கே வண்டி நிறுத்துவது, எப்போது கிளம்புவது எல்லாமே. நமக்கும் பிள்ளைகளுக்கும் எது சௌகரியமோ அதை வைத்து டிக்கெட் எடுத்துவிட்டு, அப்புறம் அத்தையை எண்பது படி ஏறச் சொல்வது சரியில்லை.

எந்த ஆட்டம்

ஆட்ட அட்டவணை மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். ஆனால் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்பது பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் தெரியும், சிலவற்றுக்கு ஆறே நாள் முன்னால். டிவிக்காரர்கள் முடிவு செய்கிற விஷயம் அது. பொதுவாகப் பகல் 12, பிற்பகல் 3:30, இரவு 7:30 என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். பெரியவர்களுக்கு 12 மணி ஆட்டம்தான் நல்லது. ஊரிலிருந்து வந்தவர்கள் எப்படியும் விடியற்காலை எழுந்து காபி குடித்துக் காத்திருப்பார்கள். ஒரு ஆட்டம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓடும், அதனால் இரவு ஆட்டம் என்றால் முடியவே 11 ஆகிவிடும், வீடு சேர நள்ளிரவு. வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாதவர்களை எந்த ஆட்டத்துக்கும் கூட்டிப்போகாதீர்கள், பெஞ்சிலேயே தூங்கி விழுவார்கள்.

செப்டம்பரில் சின்னக் கல்லூரிகளோடு நடக்கும் ஆட்டங்கள்தான் முதல்முறைக்கு ஏற்றவை. வெயிலும் இதமாக இருக்கும், 75 டிகிரி, அதாவது நம் கணக்கில் 24. டிக்கெட் விலையும் குறைவு. மிச்சிகன் பெரும்பாலும் ஜெயித்துவிடும், அதனால் சுற்றி இருப்பவர்களும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அக்டோபர் கடைசியில் பகலிலேயே 14, 15 டிகிரிதான். நவம்பரில் 10க்குக் கீழே போய்விடும், காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம், பனியும் பெய்யலாம். ஒஹையோ ஸ்டேட் ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நவம்பர் கடைசி சனிக்கிழமை, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில் நடக்கும். அதற்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகவே வேண்டாம். டிக்கெட் சில நூறு டாலர், குளிர், ஒரு இஞ்ச் நகர முடியாத கூட்டம். அன்றைக்கு வீட்டில் பஜ்ஜி போட்டு டிவியில் பாருங்கள், அதுவும் நல்ல கொண்டாட்டம்தான்.

டிக்கெட், முக்கியமாக இருக்கை

டிக்கெட் எல்லாம் போனில்தான். பல்கலைக்கழகத்தின் தளத்திலும் வாங்கலாம், மறுவிற்பனைத் தளங்களிலும் வாங்கலாம். சின்ன ஆட்டங்களுக்கு அந்த வாரத்தில் விலை இறங்கும். எல்லாருடைய டிக்கெட்டையும் உங்கள் ஒரே போனில் வைத்துக்கொள்ளுங்கள், முந்தின நாளே வாலெட்டில் இறக்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் வாசலில் நெட்வொர்க் இழுத்துக்கொண்டே இருக்கும். கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா என்பதை அந்த ஆண்டு விதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில் புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த ஸ்டேடியத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரியாது, தெரு மட்டத்தில் உள்ளே நுழைந்தால் கீழே பெரிய கிண்ணம் விரியும். வரிசை எண் சிறியதாக இருந்தால் மைதானத்துக்குப் பக்கம். "அடடா, பத்தாவது வரிசை கிடைத்துவிட்டது" என்று சந்தோஷப்படுவோம், ஆனால் அங்கே போக அத்தனை படியும் இறங்க வேண்டும், பாத்ரூம் போக அத்தனையும் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு நுழைவாயில் நடைபாதையை ஒட்டிய வரிசைதான் சரி. மைதானமும் மேலிருந்து முழுசாகத் தெரியும், இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அதுதான் வசதியும்கூட. நடக்கவே சிரமம் என்றால் சக்கர நாற்காலிக்கும் கூட வருபவருக்கும் தனி இருக்கைகள் உண்டு, டிக்கெட் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

உட்காருவது நீளமான பெஞ்சில், சாய்வு கிடையாது, ஆளுக்கு ஒரு முழத்துக்கும் குறைவான இடம். குளிர்காலத்தில் எல்லோரும் தடிமனான ஜாக்கெட்டோடு வந்தால் இன்னும் நெருக்கம். முதுகு வலி இருப்பவர்களுக்கு முதுகு தாங்கும் இருக்கையை வாடகைக்கு எடுக்க முடிகிறதா என்று முன்பே பாருங்கள். மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், பின்னால் இருப்பவர்களும் வேறு வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது

இது அம்மாக்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஸ்டேடியத்துக்குள் பை கொண்டுபோக முடியாது. கைப்பை, முதுகுப்பை, துணிப்பை எதுவும். வெளிச்சாப்பாடும் கூடாது, ஃபிளாஸ்க்கும் கூடாது. அனுமதிக்கும் பொருள்களின் பட்டியல் அவ்வப்போது மாறும், தண்ணீர் பாட்டில் விடுவார்களா என்பதும் மாறும், அதனால் அந்த வாரம் ஸ்டேடியத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மருந்து, இன்சுலின் போன்றவற்றுக்கு வாசலில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், மருந்துச் சீட்டின் போட்டோ போனில் இருக்கட்டும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் கார்டின் போட்டோவும்.

எனவே பை வேண்டாம், பாக்கெட் வேண்டும். அத்தை புடவையில் வருவார் என்றால் மேலே பெரிய பாக்கெட் உள்ள ஜாக்கெட் போட்டுவிடுங்கள். புடவையில் அந்தப் படிகளை இறங்குவது கொஞ்சம் கஷ்டம், சுடிதார் என்றால் நல்லது, ஆனால் வற்புறுத்த வேண்டாம், கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிடலாம். செருப்பு வேண்டாம், சாக்ஸும் ஷூவும். அக்டோபர் முதல் குளிர்க் குல்லா, கையுறை, ஒரு மெல்லிய கம்பளி. மழை வந்தால் பிளாஸ்டிக் மழைக்கோட்டுதான், குடை விரிக்க விடமாட்டார்கள்.

நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் என்றால் மஞ்சளும் கருநீலமும். சிவப்பும் சாம்பலும் ஒஹையோ ஸ்டேட், பச்சையும் வெள்ளையும் மிச்சிகன் ஸ்டேட். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனாலும் மஞ்சள் உடுத்திப் போனால் வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மாமாவைப் பார்த்து "கோ புளூ!" என்பார்கள். திரும்பிச் சொல்ல வேண்டியதும் அதேதான், "கோ புளூ". இதை மட்டும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அன்று பூராவும் மாமாவுக்குப் பேச ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை காலை

12 மணி ஆட்டம் என்றால் கேன்டனிலிருந்து எட்டரைக்குக் கிளம்பினால் நிம்மதி. மற்ற நாளில் இருபத்தைந்து நிமிடத்தில் போகிற ஊர்தான், ஆட்ட நாளில் எம்-14, ஐ-94, யுஎஸ்-23 எல்லாமே நிரம்பிவிடும், ஸ்டேடியத்தை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட்டையும் ஆட்டத்துக்கு முன்பே அடைத்துவிடுவார்கள். ஸ்டேடியத்துக்கு எதிரே பயனீர் உயர்நிலைப் பள்ளியின் மைதானம், பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் மைதானம் இரண்டிலும் வண்டி நிறுத்தலாம். சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்காரர்களே தங்கள் புல்வெளியில் காசு வாங்கிக்கொண்டு விடுவார்கள். விலை அதிகம்தான், எதிரணியைப் பொறுத்து ஏறும். பெரியவர்கள் இருந்தால் அந்தக் காசைப் பார்க்காதீர்கள், பக்கத்திலேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் நகரப் பேருந்துக்காரர்கள் ஆட்ட நாளில் தனிப் பேருந்து விடுவார்கள், வசதிதான், ஆனால் திரும்பும்போது வரிசையில் நிற்க வேண்டும்.

வண்டி நிறுத்திய இடத்திலேயே சாப்பாடு. இதைத்தான் டெயில்கேட் என்கிறார்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, மேசை போட்டு, அடுப்பு மூட்டி, பர்கரும் சிக்கனும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் பீர் ஓடும், காலை ஒன்பது மணிக்கே ஓடும், அதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்கள் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோங்கள். நான்கு மடக்கு நாற்காலிகளை மறக்காதீர்கள். பக்கத்துக் காருக்குக் கொஞ்சம் வடையோ முறுக்கோ நீட்டினால் போதும், நாங்கள் போனபோது அப்படித்தான், அரை மணி நேரத்தில் எங்கள் அத்தையும் அந்த வீட்டுப் பாட்டியும் பேரப்பிள்ளைகள் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருக்கும் மற்றவர் பேச்சு பாதிகூடப் புரிந்திருக்காது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள், ஏனென்றால் உள்ளே சைவம் என்றால் பாப்கார்ன், பிரெட்சல், சீஸ் பீட்சா என்கிற அளவில்தான். பீட்சா மேல் பெப்பரோனி இல்லை என்பதைக் கேட்டு வாங்குங்கள். குளிர் நாளில் ஹாட் சாக்லேட் எல்லோருக்கும் பிடிக்கும்.

கிளம்பும் முன் ஒரு வேலை. வந்தவர்களின் போனில் பெரும்பாலும் இந்த ஊர் சிம் இருக்காது. ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் உங்கள் போன் நம்பரையும், பகுதி எண், வரிசை எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிய சீட்டை வையுங்கள். தொலைந்துபோனால் எந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று உள்ளே நுழையும்போதே கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே.

அரை மணி நேரம் முன்னால் உட்காருங்கள்

ஆட்டத்தைவிட இந்த அரை மணி நேரம்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கிறேன், அதனால் கண்டிப்பாகத் தவறவிடாதீர்கள். கிழக்குப் பக்கத்துச் சுரங்க வழியிலிருந்து பேண்டு வாத்தியக்காரர்கள் ஓடிவருவார்கள். முன்னால் நீளத் தொப்பி போட்ட டிரம் மேஜர். அவர் மைதானத்துக்கு நடுவே வந்து தொப்பியைக் கழற்றுவார், கூட்டம் மொத்தமும் ஒரே குரலாக இழுத்துக்கொண்டே போகும், அவர் முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டே போய்த் தலையைத் தரையில் தொடுவார், அந்த நொடி ஒரு லட்சம் பேரும் கத்துவார்கள். அப்புறம் நீலத் துணியில் எழுதிய ஒரு பேனரை நடுவில் பிடித்திருப்பார்கள், ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஒவ்வொருவரும் எம்பி அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கல்லூரிப் பாட்டில் 'ஹெயில்' என்ற சொல் வரும்போதெல்லாம் எல்லோரும் விரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்துவார்கள், அந்தப் பாட்டு 1898இல் எழுதியது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும், சில ஆட்டங்களில் கீதம் முடியும்போது தலைக்கு மேல் போர் விமானங்கள் பறக்கும், சத்தம் பலமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், குறிப்பாக இதய நோய் உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும்.

ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது

ஃபுட்பால் என்றதும் பெரியவர்கள் நம் ஊர் கால்பந்தை நினைத்துக்கொண்டு வருவார்கள். பத்து நிமிடத்தில் மாமா கேட்பார், "என்னப்பா, ஆரம்பிச்ச உடனே நிறுத்திடறாங்க?" இதைக் கிரிக்கெட் போல நினைக்கச் சொல்லுங்கள்: ஒரு பந்து, அப்புறம் இடைவெளி, ஆட்கள் இடம் மாறி நிற்பார்கள், அடுத்த பந்து. அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் நின்று நின்று போவது உறுத்தாது, இடைவெளியில்தான் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது என்பது புரியும்.

மற்றதெல்லாம் எளிது. அணிக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. முடியவில்லை என்றால் பந்து எதிரணிக்கு. அதனால்தான் நான்காவது வாய்ப்பில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி, அதன் பிறகு உதைத்தால் கூட ஒன்று. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. பதினைந்து நிமிடப் பகுதி நான்கு, ஆனால் கடிகாரம் அடிக்கடி நிற்கும், டிவி விளம்பரத்துக்கும் நிற்கும். இவ்வளவு போதும். ஃபவுல், கொடி, மஞ்சள் துணி எல்லாம் விளக்க ஆரம்பித்தால் தலைவலிதான்.

எப்போது கத்துவது என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். நம் அணியிடம் பந்து இருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும், அவர்கள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டும் இல்லையா. எதிரணியிடம் பந்து இருக்கும்போது, அதுவும் மூன்றாவது வாய்ப்பில், தொண்டை கிழியக் கத்தலாம். முக்கியமான நேரத்தில் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவார்கள், ஆயிரக்கணக்கான சாவிகள் ஒரே நேரத்தில் சிணுங்கும். வீட்டுச் சாவியை அத்தை கையில் கொடுத்துவிடுங்கள். பெரிய வித்தியாசம் அதுதான், சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் அதன் பிறகு ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்.

பாத்ரூமுக்கு ஹாஃப்டைமில் போகாதீர்கள், வரிசை முடிவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். இரண்டாவது பகுதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கூட்டிப்போய்விட்டு வாருங்கள். ஹாஃப்டைமில் பேண்டு மறுபடி மைதானத்துக்கு வரும், அதைப் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு யாருக்காவது களைப்பாக இருந்தால் தயங்காமல் கிளம்பிவிடுங்கள், திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அது பரவாயில்லை. மூன்றாவது பகுதி முடிந்ததும் புறப்பட்டால் சாலையும் காலியாக இருக்கும். கடைசிவரை இருந்துவிட்டீர்கள் என்றால் உடனே வண்டியை எடுக்காதீர்கள். மடக்கு நாற்காலிகளை மறுபடி விரித்து, மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

ஞாயிறு

சனிக்கிழமை வேறு எதுவும் வைக்காதீர்கள், இரவு ரசமும் அப்பளமும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்கு நயாகரா என்று சிலர் திட்டம் போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். டெட்ராய்ட்டிலிருந்து குறுக்கு வழி கனடா வழியாகப் போகிறது, இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்கு அதற்குத் தனி விசா வேண்டும், திரும்பி வரும்போது எல்லையில் மறுபடி கேள்விகள். அமெரிக்கப் பக்கமாகவே சுற்றிப்போனால் ஒருவழியே ஆறு மணி நேரம். அதற்கு வேறு ஒரு வாரக்கடைசி ஒதுக்குங்கள்.

மெதுவாக எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டு நோவை வெங்கடேஸ்வரர் கோயிலுக்கோ பான்டியாக் பராசக்தி கோயிலுக்கோ போகலாம். இல்லையென்றால் கூட்டமில்லாத ஆன் ஆர்பருக்கே திரும்பிப்போய் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். நடு வளாகத்தில் தரையில் பித்தளையில் 'எம்' எழுத்து பதித்திருக்கும். முதல் தேர்வுக்கு முன் புதுமாணவர் அதை மிதித்தால் தோற்றுவிடுவார் என்று நம்பிக்கை, சொன்னால் பாட்டி பேரனை இழுத்துச் சுற்றிக் கூட்டிப்போவார். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறியிருக்கும்போது ஹ்யூரான் ஆற்றை ஒட்டிய கேலப் பூங்காவில் தரை மட்டமாக நல்ல நடைபாதை இருக்கிறது, முட்டி வலிக்காரர்களுக்கும் தோது.

அப்படியே டெக்ஸ்டரில் உள்ள சைடர் மில்லுக்கு ஒரு எட்டு போய் வரலாம், 1886லிருந்து ஆப்பிள் பிழிகிறார்கள். ஆப்பிள் சைடர் சாராயமில்லை, வெறும் சாறுதான் என்று மாமியாருக்குச் சொல்லிவிடுங்கள். கூடவே சூடாக டோனட் கொடுப்பார்கள், முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள்.

ஊரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மஞ்சள் டிஷர்ட் வாங்க வேண்டும் என்று கட்டாயம் சொல்வார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துக் கடைகளில் வாங்காதீர்கள், மெய்யரிலும் கோஸ்ட்கோவிலும் நல்ல துணியே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அளவு இங்கே பெரிதாக இருக்கும், ஒரு சைஸ் குறைத்து எடுங்கள்.